டம்ளரைப் பிடிக்க எந்த வழி? செயலிழந்த கைக்கு மின்தூண்டல்: ஓர் ஒப்பீடு

என் தம்பிக்குக் கழுத்தில் அடிபட்டு இரண்டு வருடம் ஆகப்போகிறது. வேப்பமரத்தில் கிளை கழிக்க ஏறியவன் தவறி விழுந்துவிட்டான். ரிப்போர்ட்டில் சி6 என்று எழுதியிருந்தார்கள், கழுத்துத் தண்டுவடத்தின் ஆறாவது மட்டத்தில் காயம் என்று பொருள். தோளைத் தூக்குவான், முழங்கையை மடக்குவான், மணிக்கட்டைக் கொஞ்சம் மேலே உயர்த்துவான். முழங்கையை நீட்ட வராது. விரல்கள் அசையவே அசையாது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "எப்போ நடப்பான்?" என்றுதான் கேட்பார்கள். அவன் என்னிடம் கேட்டது வேறு. "அக்கா, டீ டம்ளரை நானே பிடிச்சுக் குடிக்கணும். நீ ஊட்டக் கூடாது."

இது அவன் ஒருவனுடைய ஆசை மட்டும் இல்லை. 2004-இல் கிம் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் தண்டுவடக் காயம் பட்ட 681 பேரிடம் எது முதலில் திரும்பி வர வேண்டும் என்று கேட்டார். கையும் காலும் செயலிழந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கையைத்தான் சொன்னார்கள். நடை அதற்குப் பின்னால்தான் வந்தது. சாப்பிட, பல் தேய்க்க, போனை எடுக்க, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற, எல்லாவற்றுக்கும் கை வேண்டும்.

கைக்கு என்ன செய்யலாம் என்று தேடத் தொடங்கியபோது மின்தூண்டல் என்ற ஒரே பெயரில் ஐந்தாறு வெவ்வேறு விஷயங்கள் எதிரே வந்து நின்றன. தோலில் ஒட்டும் பேடு, கழுத்தில் வைக்கும் கருவி, உடம்புக்குள் பதிக்கும் கருவி, மூளையில் வைக்கும் சிப். ஒன்றுக்குப் பொருந்துகிறவர் இன்னொன்றுக்குப் பொருந்த மாட்டார். இது புரியவே எனக்கு ஒரு வருடம் ஆனது. நான் டாக்டர் இல்லை, அறிவியல் பாடம் நடத்தும் ஆசிரியை. இதே இடத்தில் நிற்கிற இன்னொரு குடும்பத்துக்கு அந்த ஒரு வருடம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் கையைப் பாருங்கள், கருவியை அப்புறம் பார்க்கலாம்

மூளையிலிருந்து கட்டளை தண்டுவடம் வழியாக இறங்குகிறது. தண்டுவடத்தில் உள்ள இயக்க நரம்பணு அதை வாங்கி, தன் நீண்ட இழை வழியாகத் தசைக்கு அனுப்புகிறது. கழுத்தில் அடிபட்டால் மேலிருந்து வரும் பாதை அறுந்துபோகிறது. ஆனால் அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள நரம்பணுக்கள் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். கட்டளை வராததால் சும்மா கிடக்கும். வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் அந்த நரம்பு விழித்துத் தசையைச் சுருக்கும். கை மின்தூண்டலின் அடிப்படை இவ்வளவுதான். மின்சாரம் தூண்டுவது நரம்பைத்தான், தசை அதன் பின்னால் சுருங்குகிறது.

அடிபட்ட இடத்திலேயே இருந்த நரம்பணுக்களின் கதை வேறு. அவை செத்துப்போயிருக்கலாம். அவற்றோடு சேர்ந்த தசைக்கு எவ்வளவு கரண்ட் வைத்தாலும் பயன்படுகிற மாதிரி அசைவு வராது. அதனால் ஒரே கையில் ஒரு தசை துள்ளும், பக்கத்துத் தசை மரக்கட்டை மாதிரி கிடக்கும். பைக் விபத்தில் தோள்பட்டை நரம்புக் கற்றை அறுந்தவர்களுக்கும் இதேதான் நிலைமை. அவர்களுக்கு இந்தக் கட்டுரையில் வரும் மின்கருவிகள் உதவாது. நரம்பு அறுவை சிகிச்சை செய்பவரை உடனே பார்க்க வேண்டும். பிசியோதெரபி மையங்களில் செத்த நரம்புள்ள தசைக்குக் கால்வானிக் கரண்ட் வைப்பது உண்டு. அது தசையை நேரடியாகச் சுருக்கும். அதை நம்பி டம்ளரைப் பிடிக்க முடியாது.

அதனால் முதல் நாளே கேட்க வேண்டியது மூன்று. எந்தெந்தத் தசை கரண்டுக்குத் துடிக்கிறது? காயம் முழுமையானதா, அரைகுறையா, அதாவது அடிபட்ட இடத்துக்குக் கீழே தொடு உணர்ச்சியோ அசைவோ கொஞ்சமாவது மிஞ்சியிருக்கிறதா? அடிபட்டு எத்தனை மாதம் ஆகிறது? மூன்றாவது கேள்வியை எங்களிடம் யாரும் கேட்கவில்லை. அதற்கு நாங்கள் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன்.

தோலில் ஒட்டும் பேடு

எளிதில் கிடைப்பது இதுதான். நம் ஊர் பிசியோதெரபி மையங்களில் "கரண்ட் வைக்கிறது" என்று சொல்வார்களே, அதன் வளர்ந்த வடிவம். முன்கையில் பேடு ஒட்டி, நொடிக்கு 20 முதல் 50 துடிப்பு வரை கொடுத்தால் விரல்கள் விரியும், பேடை வேறு இடத்தில் வைத்தால் மடங்கும்.

இதில் நாங்கள் முதலில் ஏமாந்தோம். இணையத்தில் 'பக்கவாத மெஷின்' என்று போட்டிருந்த ஒன்றை வாங்கினேன். வந்தது டென்ஸ் கருவி. அது வலியைக் குறைக்கத் தோலின் உணர்வு நரம்புகளைத் தூண்டுகிற கருவி. கையில் லேசாக எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். வாங்குகிறவர்கள் தசையைச் சுருக்கும் ஸ்டிமுலேட்டர்தானா என்று கேட்டு வாங்குங்கள். துடிப்பின் அகலம், வேகம், தசை சுருங்கும் நேரம், ஓய்வு நேரம் நான்கையும் தனித்தனியாக மாற்ற முடிகிறதா என்றும் பாருங்கள்.

கருவியைவிட முக்கியம் அதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பது. பேடை ஒட்டி அரை மணி நேரம் கையைத் துடிக்கவிட்டு, நோயாளி டிவி பார்த்துக்கொண்டிருந்தால் தசை கொஞ்சம் பருக்கும். கை வேலை செய்யக் கற்றுக்கொள்ளாது. டொரன்டோவில் மிலோஸ் பொப்போவிச் குழு செய்தது வேறு. நோயாளி டம்ளரைப் பிடிக்க முயல்கிறார், அந்த நொடியில் கரண்ட் உதவுகிறது, டம்ளர் கைக்குள் வருகிறது. நாள் ஒன்றுக்கு ஒரு மணி நேரம், வாரம் ஐந்து நாள், எட்டு வாரம். அரைகுறைக் காயம் உள்ளவர்களிடம் இந்த முறை வழக்கமான பயிற்சியைவிட நல்ல பலன் தந்ததை 2011-இல் வெளியிட்டார்கள். கரண்டை நிறுத்திய பிறகும் தங்குகிற பலன் அது. மனமும் கரண்டும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்ய வேண்டும். எனக்குப் பிடித்துப்போன எளிய உண்மை இது.

குறைகளும் உண்டு. உடம்பு தானாக இயங்கும்போது சோர்வடையாத சிறிய இழைகளை முதலில் எழுப்பும். வெளிக்கரண்ட் பெரிய, சீக்கிரம் களைக்கும் இழைகளைத்தான் முதலில் பிடிக்கும், அதுவும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில். அதனால் பத்து நிமிடத்திலேயே பிடி தளரும். தேங்காய் எண்ணெய் தடவிய கையில் பேடு ஒட்டாது, சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். உணர்ச்சி மழுங்கிய தோல் என்பதால் சூடு பட்டாலும் அவனுக்குச் சரியாகத் தெரியாது, ஒவ்வொரு முறையும் பேடை எடுத்ததும் தோலைப் பார்க்க வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

கழுத்துக் காயம் உள்ள வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கரண்ட் வைக்கும்போது திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி வந்தால், முகம் சிவந்து வியர்த்தால், ரத்த அழுத்தம் எகிறுகிறது என்று பொருள். உடனே கருவியை நிறுத்தி, ஆளை நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இது உயிர் சம்பந்தப்பட்டது.

கழுத்துத் தோலின் மேல்

இது புதியது, அரைகுறைக் காயம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது. கையை விட்டுவிட்டு, பிடரியில் தோலின் மேலேயே எலெக்ட்ரோடு வைத்துத் தண்டுவடத்தைத் தூண்டுகிறார்கள். இந்தக் கரண்ட் நேரடியாகக் கையை ஆட்டாது. தண்டுவடத்துக்குள் நுழையும் உணர்வு நரம்பு வேர்களைத் தூண்டி, அங்கே உள்ள நரம்பணுக்களை விழிப்பாக வைத்திருக்கும். மூளையிலிருந்து வரும் மெலிந்த, மிச்சமிருக்கும் கட்டளை அப்போது போதுமானதாகிவிடுகிறது. தூரத்தில் யாரோ மெதுவாகக் கூப்பிடுகிறார்கள். தூங்குகிறவனுக்குக் கேட்காது, விழித்திருப்பவனுக்குக் கேட்கும்.

அப்-லிஃப்ட் என்ற ஆய்வின் முடிவு 2024-இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவில் 14 மையங்கள், 60 பேர். முதல் இரண்டு மாதம் பயிற்சி மட்டும், அடுத்த இரண்டு மாதம் பயிற்சியோடு தூண்டல். 72 சதவீதம் பேருக்குக் கையின் பலம், செயல்பாடு இரண்டிலும் முன்னேற்றம் தெரிந்தது. அடிபட்டு 34 வருடம் ஆனவருக்குக்கூடப் பலன் இருந்தது என்பதைப் படித்தபோது அந்தப் பக்கத்தைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். கருவியால் பெரிய பாதிப்பு யாருக்கும் வரவில்லை. அந்த ஆய்வில் பயன்படுத்திய, ஆன்வர்ட் நிறுவனத்தின் ஆர்க்-இஎக்ஸ் கருவிக்கு அந்த ஆண்டு டிசம்பரில் எஃப்டிஏ (அமெரிக்காவில் மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பு) அனுமதி கொடுத்தது.

ஆனால் இரண்டு விஷயம். இது முழுமையான காயம் உள்ளவர்களுக்கான அனுமதி இல்லை. அப்புறம், இங்கும் பயிற்சி இல்லாமல் கரண்ட் மட்டும் வேலை செய்யாது. பிடரியில் சாதாரண டென்ஸ் பேடை ஒட்டி இதே பலன் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் கருவியின் அலைவடிவமே வேறு.

உடம்புக்குள் பதிப்பது

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். அமெரிக்காவின் கிளீவ்லண்டில் ஹன்டர் பெக்கம் என்ற பொறியாளரும் மைக்கேல் கீத் என்ற அறுவை மருத்துவரும் சேர்ந்து ஃப்ரீஹேண்ட் என்ற கருவியை உருவாக்கினார்கள். முதல் ஆளுக்கு அதைப் பதித்தது 1986-இல். நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேஸ்மேக்கர் மாதிரி ஒரு பெட்டி, அதிலிருந்து கைத் தசைகளுக்கு எட்டு எலெக்ட்ரோடுகள். சி5, சி6 காயம் உள்ளவர்களுக்கு. எதிர்ப்பக்கத் தோளை முன்னும் பின்னும் அசைத்தால் கை திறந்து மூடும். டம்ளர் மாதிரி பருமனான பொருளுக்கு ஒரு பிடி, பேனா, சாவி, ஸ்பூனுக்கு இன்னொரு பிடி. தோளைச் சட்டென்று ஒரு வெட்டு வெட்டினால் பிடி அப்படியே பூட்டிக்கொள்ளும். தம்பி கேட்டது அச்சு அசலாக இதுதான்.

1997-இல் எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. உலகம் முழுவதும் சுமார் 250 பேர் பதித்துக்கொண்டார்கள். வேலையும் செய்தது. 2001-இல் அதைத் தயாரித்த நியூரோகன்ட்ரோல் நிறுவனம் அந்தத் தொழிலை விட்டே விலகிவிட்டது. கருவி கெட்டுப்போனதால் இல்லை, வாங்குகிறவர்கள் குறைவு என்பதால். பதித்துக்கொண்டவர்களின் உடம்புக்குள் பெட்டி அப்படியே இருந்தது. வெளியே வைக்கும் பாகங்களுக்கு அவர்கள் என்ன செய்வார்கள்?

இதைப் படித்ததிலிருந்து எந்த உட்பதிப்பைப் பற்றிக் கேட்டாலும் எனக்கு முதலில் தோன்றுவது, "பத்து வருடம் கழித்து இதன் வயர் யாரிடம் கிடைக்கும்?" என்பதுதான். கிளீவ்லண்டில் ஆராய்ச்சி நிற்கவில்லை, அடுத்த தலைமுறைக் கருவிகள் ஆய்வில் இருக்கின்றன. கடைக்குப் போய் வாங்கும் நிலையில் ஃப்ரீஹேண்ட் இன்று இல்லை.

மூளையில் சிப்

வாட்ஸ்அப்பில் எனக்கு அதிகம் அனுப்பப்பட்டது இதுதான். "இதோ பாருங்க, தம்பிக்கு வந்துடுச்சு" என்று. அன்போடு அனுப்புகிறார்கள், அதனால் இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

2016-இல் ஓஹையோவில் இயன் பர்க்கார்ட் என்ற இளைஞர், மூளையில் பதித்த சிப்பின் உதவியால் தன் செயலிழந்த கையை அசைத்தது நேச்சர் இதழில் வந்தது. 19 வயதில் கடலில் பாய்ந்தபோது கழுத்து முறிந்தவர். மூளையின் மின்சமிக்ஞையைக் கணினி படித்து, முன்கையில் சுற்றிய உறைக்குள் இருந்த 130 எலெக்ட்ரோடுகளுக்குக் கட்டளை அனுப்பியது. அடுத்த வருடம் கிளீவ்லண்டிலிருந்து பில் கோச்செவாரின் கதை லான்செட்டில் வந்தது. சைக்கிள் விபத்தில் கழுத்துக்குக் கீழே எல்லாம் செயலிழந்தவர். மூளையில் இரண்டு சிப், கையின் தசைகளில் 36 எலெக்ட்ரோடுகள். தோளைத் தூக்க மட்டும் கரண்ட் போதவில்லை, அதற்கு ஒரு இயந்திரத் தாங்கி வைத்தார்கள். அவர் தானே காபி குடித்தார், முள்கரண்டியால் மசித்த உருளைக்கிழங்கு சாப்பிட்டார். எட்டு வருடத்துக்குப் பிறகு.

அந்தச் செய்தியைப் படித்தபோது அழுகை வந்தது, மறைக்கவில்லை. ஆனால் நாங்கள் எடுக்க வேண்டிய முடிவுக்கு அது உதவவில்லை. இரண்டும் ஆய்வுக்கூடத்தில் நடந்தவை. மண்டையிலிருந்து கேபிள் கணினிக்குப் போக வேண்டும், பக்கத்தில் பொறியாளர் இருக்க வேண்டும். பர்க்கார்டுக்குத் தொற்று வந்து 2021-இல் சிப்பை எடுக்க வேண்டியதாயிற்று. தோள்கூட அசையாத, மேல்கழுத்துக் காயம் உள்ளவருக்கு நாளை உண்மையான நம்பிக்கை இந்த வழியில்தான் இருக்கிறது. மணிக்கட்டு அசைகிற சி6 ஆளுக்கு இதற்காகக் காத்திருப்பது தப்பு. காத்திருக்கும் காலத்தில் கைவிட்டுப் போகிற வழி வேறொன்று இருக்கிறது.

கரண்ட் இல்லாத வழி, கடிகாரம் உள்ள வழி

மின்தூண்டலைப் பற்றிய ஒப்பீட்டில் அறுவை சிகிச்சை ஏன் என்று கேட்கலாம். டம்ளரைப் பிடிப்பதுதான் இலக்கு என்றால் இதை விட்டுவிட்டு ஒப்பிடுவது நியாயமாகாது.

நரம்பு மாற்று என்பது வேலை செய்கிற ஒரு நரம்பின் கிளையை எடுத்து, செயலிழந்த தசைக்குப் போகும் நரம்போடு தைப்பது. முழங்கையை மடக்க இரண்டு தசை இருந்தால் ஒன்றின் நரம்பை விரலுக்குக் கொடுத்துவிடலாம். மெல்போர்னில் நடாஷா வான் ஸைல் குழு 16 பேருக்கு 59 நரம்பு மாற்றுகள் செய்தது. 2019-இல் லான்செட்டில் வந்தது. இரண்டு வருட முடிவில் முழங்கை நீட்டல், விரல் திறத்தல், பிடித்தல் பலருக்குத் திரும்பியிருந்தது. நான்கு மாற்றுகள் தோற்றன என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். இதற்குக் கடிகாரம் உண்டு. அடிபட்ட இடத்து நரம்பணு செத்துப்போன தசை ஒன்றரை வருடத்துக்கு மேல் காத்திருக்காது. நாங்கள் இதைக் கேள்விப்பட்டபோது பத்தொன்பதாவது மாதம். முதல் ஆஸ்பத்திரியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கரண்டுக்குத் துடிக்கிற தசை என்றால் பிறகும் செய்யலாம் என்றார் இப்போது பார்க்கும் டாக்டர், ஆனால் தம்பிக்கு முழங்கை நீட்டும் தசை துடிக்கவில்லை.

தசைநாண் என்பது தசையை எலும்போடு சேர்க்கும் நாண். தசைநாண் மாற்றுக்குக் கடிகாரம் இல்லை. வேலை செய்கிற தசையின் நாணை இடம் மாற்றித் தைப்பது. முன்கையில் முழங்கையை மடக்க உதவும் ஒரு தசையைக் கட்டைவிரல் மடக்கும் நாணோடு இணைத்தால் சாவிப் பிடி வரும், அதாவது சாவியைப் பிடிக்கிற மாதிரி கட்டைவிரலை ஆள்காட்டி விரலின் பக்கத்தில் அழுத்திப் பிடிப்பது. தோளின் பின்தசையை முழங்கை நீட்டும் நாணோடு இணைத்தால் கையை நீட்டலாம். பேட்டரி வேண்டாம், நிறுவனம் மூடுமே என்ற பயம் வேண்டாம். நம் வேலூருக்கு இதில் பழைய உறவு உண்டு. 1940களின் கடைசியில் பால் பிராண்ட் அங்கே தொழுநோயால் மடங்கிய கைகளைத் தசைநாண் மாற்றித் திறந்தார். 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்த அறுவைகளைச் செய்தார். பிறகு சிஎம்சியில் மறுவாழ்வுத் துறையை எழுப்பினார்.

இதன் கஷ்டம் அறுவைக்குப் பிந்தைய சில வாரங்கள். கையில் கட்டுப் போட்டிருக்கும், நாற்காலியைத் தள்ள முடியாது, கட்டிலிலிருந்து மாற முடியாது. அந்த வாரங்களில் யார் வீட்டில் இருப்பார்கள் என்று முடிவு செய்யாமல் தேதி குறிக்கக் கூடாது.

பக்கவாதம் வந்தவர்களுக்கு

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு நெருங்கிய அனுபவம் இல்லை. பக்கவாதத்தில் தண்டுவடமும் நரம்பும் நன்றாக இருக்கும், பாதிப்பு மூளையில். கை மூடிக்கொள்ளும், திறப்பதுதான் பிரச்சினை. பேடு விரல் திறக்கும் தசைக்குப் போக வேண்டும். கிளீவ்லண்டில் ஜேம் நட்சன் குழு, நல்ல கையில் கையுறை போட்டு, அந்தக் கை திறக்கும் அளவுக்குச் செயலிழந்த கையிலும் கரண்ட் திறக்கும்படி செய்தது. நோயாளியே தன் கையை இயக்குகிறார், அதனால் சும்மா துடிக்கவிடுவதைவிடப் பலன் கூடுதல். கழுத்தில், மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் என்ற நரம்பைத் தூண்டும் உட்பதிப்புக்கு 2021-இல் எஃப்டிஏ அனுமதி கிடைத்தது. 108 பேரிடம் நடந்த சோதனையில் பயிற்சியோடு தூண்டல் பெற்றவர்களில் 47 சதவீதம் பேருக்கும், தூண்டல் இல்லாமல் பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 24 சதவீதம் பேருக்கும் கண்ணுக்குத் தெரிகிற முன்னேற்றம் வந்தது. வித்தியாசம் உண்மையானது. ஆனால் அறுவை வேண்டும், பாதிப் பேருக்கு மேல் அந்த அளவு வரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். நான் என்றால் முதலில் பேடும் பயிற்சியும்தான்.

எங்கள் முடிவு

அடிபட்டு ஆறு மாதம் ஆனவர் கேட்டால், எல்லாவற்றுக்கும் முன்னால் கை அறுவை தெரிந்த ஒருவரையும் பி.எம்.ஆர். (மறுவாழ்வு மருத்துவ) டாக்டரையும் பாருங்கள், கரண்ட் காத்திருக்கும் என்பேன். அரைகுறைக் காயம், பல வருடம் ஆகிவிட்டது என்றால் பேடோடு கூடிய செயல் பயிற்சியை எட்டு வாரம் விடாமல் செய்யுங்கள். கழுத்துத் தூண்டல் இங்கே எட்டும் நிலைக்கு வந்தால் அடுத்தது அதுதான். முழுமையான காயம், சி6, மணிக்கட்டு தூக்க முடிகிறது என்றால் தசைநாண் மாற்றுக்கு மேல் நான் எதையும் வைக்க மாட்டேன். எதுவும் செய்யாதவர்கள்கூட ஒன்றைக் காப்பாற்ற வேண்டும். மணிக்கட்டைத் தூக்கினால் விரல்கள் தாமாக மடங்கும் ஒரு பிடி சி6 கைக்கு இயல்பாகவே உண்டு. பாசத்தில் விரல்களையும் மணிக்கட்டையும் ஒன்றாகப் பின்னால் இழுத்து நீவிவிட்டால் அந்தப் பிடி தளர்ந்துபோகும். எங்கள் அம்மா மூன்று மாதம் அப்படித்தான் நீவினார். சொல்லித்தந்த பிறகு நிறுத்திவிட்டார்.

தம்பிக்குக் கீழே தொடு உணர்ச்சி மட்டும் இருக்கிறது, அசைவு இல்லை. நான்கு மாதமாகக் காலையில் ஒரு மணி நேரம் பேடு வைக்கிறோம். மணிக்கட்டு முன்பைவிட நன்றாக உயர்கிறது, விரல் வரவில்லை. டாக்டர் வலது கைக்குச் சாவிப் பிடி அறுவை செய்யலாம் என்கிறார். எனக்குக் கோடை விடுமுறை ஆரம்பிக்கிற வாரத்துக்குத் தேதி கேட்டிருக்கிறோம், கையில் கட்டு இருக்கும் நாட்களில் நான் வீட்டில் இருப்பேன். தம்பி இப்போதே கைப்பிடி வைத்த ஸ்டீல் டம்ளர் ஒன்றை வாங்கிவரச் சொல்லிவிட்டான்.